நிற்கும் வண்டி, குடியிருக்கும் வண்டி: சூரிய மின்னேற்றத்தில் எதற்கு எது பொருந்தும்?

வண்டியின் பேட்டரிக்குச் சூரிய ஒளியால் சார்ஜ் ஏற்ற நினைப்பவர்களில் பலர் பேனலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 100 வாட்டா, 200 வாட்டா என்று யோசித்து ஒன்றை வாங்கிக் கூரையில் பொருத்திய பிறகே, அது எந்த பேட்டரியை, எதற்காக, எவ்வளவு நேரத்தில் நிரப்ப வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. முதலில் தீர்மானிக்க வேண்டியது வண்டி எப்படிப் பயன்படுகிறது என்பதே. வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கிவிடாமல் காப்பது ஒரு வேலை. உள்ளே ஆள் தங்கி, ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஓடும் கேம்பரின் பேட்டரியை நாள்தோறும் நிரப்புவது முற்றிலும் வேறு வேலை. பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி வகை, பேனல், வயர் ஆகிய எல்லாவற்றிலும் முன்னதற்குப் பொருந்துவது பின்னதற்குப் போதாமலும், பின்னதற்குத் தேவையானது முன்னதற்கு வீணாகவும் போய்விடும்.

நிற்கும் வண்டி

சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் வண்டி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கிறது. அலாரம், கடிகாரம், ரிமோட் சாவியின் சைகைக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கணினிப் பகுதிகள் எல்லாம் சேர்ந்து இன்றைய வண்டிகளில் பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கின்றன. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி செலவாகிறது; 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு வாரங்களில் பாதிக்கு இறங்கிவிடும். ஈய-அமில பேட்டரி அப்படிப் பாதி நிலையிலேயே கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரைவதில்லை. பயன்படுத்தித் தேய்ந்த பேட்டரிகளைவிட, நிறுத்தி வைத்தே கெட்ட பேட்டரிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த இழப்பை ஈடுகட்ட ஒரு 10 வாட் பேனலே போதும். அது நல்ல வெயிலில் ஏறத்தாழ அரை ஆம்பியர் தரும். நாளுக்கு நான்கு மணி நேரம் கணக்கிட்டாலும் 2 ஆம்பியர்-மணி கிடைக்கிறது. நிறம் பூசிய கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இதில் கணிசமான பங்கு குறையும் என்பதால், முடிந்தால் வெளியே பொருத்துவது நல்லது.

இவ்வளவு சிறிய பேனலைக் கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாக இணைக்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்கு மின்சாரம் திரும்பிப் போகாதபடி தடுக்கும் டயோடு உள்ளே இருந்தால் இணைக்க முடியும். ஆனால் கோடையில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், நிரம்பிய பேட்டரிக்குள் நாள்தோறும் மின்சாரம் தள்ளப்பட்டு மின்னழுத்தம் 15 வோல்ட்டைத் தாண்டிப்போகவும், உள்ளிருக்கும் நீர் மெல்லக் குறையவும் வாய்ப்பு உண்டு. சுவிட்ச் போல இயங்கும் எளிய வகையான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒன்று இதைத் தடுத்துவிடும். பேனல் அதிகச் சக்தி தரும் மின்னழுத்தத்திலேயே அதை இயக்கும், இதைவிட உயர்ந்த எம்பிபிடி கன்ட்ரோலர் இங்கே தேவையில்லை. அது கூடுதலாகப் பிடித்துத் தருவதில் கணிசமான பங்கை, இரவும் பகலும் தான் விழித்திருப்பதற்காகவே செலவிட்டுவிடும்.

எங்கே இணைக்கிறோம் என்பது இந்த வேலையில் பேனலைவிட முக்கியமானது. ஒருமுறை இரண்டு மாதம் வெளியே போக நேர்ந்தபோது, டேஷ்போர்டில் ஒரு சிறிய பேனலை வைத்து, அதன் பிளக்கை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிட்டு நிம்மதியாகப் புறப்பட்டேன். திரும்பி வந்து மல்டிமீட்டரை வைத்தபோது பேட்டரி 10.4 வோல்ட் காட்டியது. அதன் பிறகு அது மீளவே இல்லை. அந்த வண்டியில் சாவியை எடுத்தவுடன் சாக்கெட்டுக்கும் பேட்டரிக்குமான தொடர்பு துண்டிக்கப்படுகிறது என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. பேனலில் இருந்த சிறிய பச்சை விளக்கு மட்டும் அத்தனை நாளும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். பேட்டரியின் முனைகளிலேயே ஃபியூஸுடன் கூடிய ஒரு வயரை நிரந்தரமாகப் பொருத்தி, அதன் மறுமுனையை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதே நம்பகமான வழி.

குடியிருக்கும் வண்டி: கணக்கு முதலில்

கேம்பருக்கு வாங்கும் முன் ஒரு நாளின் செலவை வாட்-மணியில் எழுதிப் பார்க்க வேண்டும். ஓடும்போது 45 வாட் எடுக்கும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், நாளில் 40 சதவீத நேரம் ஓடினால் 430 வாட்-மணிக்கு மேல் ஆகிறது. 20 வாட் மின்விசிறி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 160; விளக்குகளுக்கு 50; கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 100. மொத்தம் ஏறத்தாழ 740 வாட்-மணி. ஃபிரிட்ஜ் ஒன்றே பாதிக்கு மேல் விழுங்குகிறது என்பதால், விளக்குகளை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதைவிட ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காற்று போக வழி செய்வது அதிகப் பலன் தரும்.

பேனலின் மேல் அச்சிட்டிருக்கும் வாட், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும், 25 டிகிரி செல்சியஸ் செல் வெப்பமும் கொண்ட சோதனைக்கூட நிலையில் அளக்கப்பட்டது. வெயிலில் கூரைமேல் படுத்திருக்கும் பேனலின் செல்கள் 60, 65 டிகிரிக்குச் சூடாவது சாதாரணம். ஆகவே 200 வாட் பேனலுக்கு நாலரை மணி நேர முழு வெயில் கிடைத்தாலும், எல்லா இழப்பும் போக 650 முதல் 700 வாட்-மணிதான் எதிர்பார்க்கலாம். மேலே சொன்ன செலவுக்கு 200 வாட் சற்றுக் குறைவு, 300 வாட் நிம்மதி.

பிடபிள்யூஎம்மா, எம்பிபிடியா?

இந்த ஒப்பீட்டில் எம்பிபிடி 30 சதவீதம் அதிகம் தரும் என்ற ஒற்றை எண்தான் எங்கும் புழங்குகிறது. அந்த எண் பொய்யல்ல. ஆனால் எப்போதும் உண்மையும் அல்ல. 36 செல்கள் கொண்ட ஒரு 100 வாட் பேனல், சோதனை நிலையில் ஏறத்தாழ 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தருகிறது. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒரு வேகமான சுவிட்ச் போன்றது. அது பேனலை பேட்டரியோடு நேரடியாகச் சேர்த்துவிடுவதால் பேனலின் மின்னழுத்தம் பேட்டரியின் அளவுக்கு இறங்கிவிடும். பேட்டரி 12.8 வோல்ட்டில் இருந்தால் கிடைப்பது 12.8 பெருக்கல் 5.5, அதாவது 70 வாட். எம்பிபிடி கன்ட்ரோலரோ பேனலை 18 வோல்ட்டிலேயே வேலை செய்யவிட்டு, உபரி மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றிக் கொடுக்கிறது. 5 சதவீதம் இழப்பு போக 95 வாட் கிடைக்கிறது. விளம்பரங்கள் காட்டும் நிலை இதுதான்.

இப்போது அதே பேனலைக் கோடை நண்பகலில் பார்ப்போம். செல்களின் வெப்பம் 65 டிகிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் வீதம் மின்னழுத்தம் குறைந்து 15 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது. பேட்டரி ஏறக்குறைய நிரம்பி 14.2 வோல்ட்டில் நிற்கிறது. பிடபிள்யூஎம் வழியாக 78 வாட். எம்பிபிடி வழியாக 79 வாட். வித்தியாசம் மறைந்துவிட்டது. குளிர்ந்த காலையில், இறங்கிய பேட்டரியோடு இருக்கும்போதுதான் எம்பிபிடியின் மேன்மை முழுதாகத் தெரிகிறது. வெப்பமான இடத்தில் ஒரே ஒரு 12 வோல்ட் பேனல் வைத்துக்கொள்பவர் பிடபிள்யூஎம் வாங்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தை இன்னும் பெரிய பேனலில் போடுவது தவறே அல்ல.

அப்படியானால் கேம்பருக்கு நான் ஏன் எம்பிபிடியைப் பரிந்துரைக்கிறேன்? பேனலின் மின்னழுத்தம் பேட்டரியைவிட நன்றாக உயர்ந்து நிற்கும்போதுதான் அந்தக் கருவி தன் வேலையை முழுதாகச் செய்கிறது. இரண்டு பேனல்களைத் தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்த்துக் கட்டினால், இரண்டின் மின்னழுத்தமும் கூடி அந்த நிலை எப்போதும் கிடைக்கிறது. கொதிக்கும் நண்பகலிலும் 30 வோல்ட் இருக்கும். மங்கிய காலையிலும் சார்ஜ் தொடங்கிவிடும். வீட்டுக் கூரைகளுக்காகச் செய்யப்படும், 30 வோல்ட்டுக்கு மேல் தரும் பெரிய பேனலை மலிவாக வாங்கிப் பொருத்த விரும்புபவருக்கு எம்பிபிடி ஒன்றே வழி. அதை பிடபிள்யூஎம்மோடு சேர்த்தால் பாதிக்கு மேல் வீணாகும்.

தொடராகக் கட்டும்போது ஒரு எச்சரிக்கையை மறக்கக் கூடாது. 12 வோல்ட் பேனல் ஒன்று சுமையில்லாத நிலையில் 22 வோல்ட் வரை காட்டும். இரண்டு சேர்ந்தால் 44. குளிரில் இது இன்னும் ஏறும். உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் 50 வோல்ட்டை எட்டிவிடும். 50 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கன்ட்ரோலர், உறைபனிக் காலையில் முதல் வெயில் பட்டதும் கெட்டுப்போவது இதனால்தான். 75 அல்லது 100 வோல்ட் தாங்கும் கருவியை வாங்குவதே சரி.

தொடரா, இணையா? நிழலை வைத்து முடிவு செய்யுங்கள்

நிழல் விழும் என்றால் இணையாக, அதாவது நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்த்துக் கட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. நானும் அதை நம்பியிருந்தேன். கூரையின் காற்றுப்போக்கி மூடி ஒரு பேனலின் ஓரத்தில் கையகல நிழலை வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓர் அட்டையால் அந்த பேனல் முழுவதையும் மூடியும் திறந்தும் பார்த்தேன். நிழல் விழுந்த அந்த பேனல் முள்ளை அசைக்கவே இல்லை. பேனலில் 36-இல் இரண்டு மூன்று செல்கள்தான் மறைந்திருந்தன; ஆனால் அதன் பங்களிப்பு ஏறத்தாழ முழுதாகப் போயிருந்தது.

காரணம் எளிது. இத்தகைய பேனலில் பொதுவாக இரண்டு பைபாஸ் டயோடுகள் உண்டு. ஒவ்வொன்றும் பாதிப் பேனலைக் காக்கிறது. ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்தப் பாதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. மீதிப் பாதி தருவது 9 வோல்ட். அதனால் 12 வோல்ட் பேட்டரிக்குள் எதையும் தள்ள முடியாது. இணையாகக் கட்டிய இரண்டு பேனல்களில் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தால் மொத்தத்தில் பாதி போய்விடும். அதே இரண்டையும் தொடராகக் கட்டி எம்பிபிடியோடு சேர்த்திருந்தால், நான்கு பாதிகளில் மூன்று வேலை செய்து 27 வோல்ட்டுக்கு அருகில் கிடைக்கும். முக்கால் பங்கு சக்தி கைக்கு வரும். ஆகவே கூரைமேல் இருக்கும் மூடி, ஏரியல், பெட்டி போன்றவற்றின் சிறிய, அழுத்தமான நிழலுக்குத் தொடரே மேல். மரத்தடியில் ஒரு பேனல் முழுதாக மறைந்து, மற்றொன்று வெயிலில் இருக்கும் நிலையில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிடபிள்யூஎம் வைத்திருப்பவருக்கு இணை ஒன்றே வழி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பேனல்களை இணையாகக் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றில் பழுது வரும்போது மற்றவை எல்லாம் சேர்ந்து அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும்.

கெட்டியான பேனல், வளையும் பேனல், மடக்குப் பேனல்

அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட கெட்டியான பேனல்தான் நீண்ட நாள் உழைக்கும். கூரைக்கும் அதற்கும் இடையில் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி விட்டால் காற்று ஓடிச் சூட்டைக் குறைக்கிறது. கூரைக்கும் நிழல் கிடைக்கிறது. வளையும் பேனல் எடை குறைவு, கூரையோடு ஒட்டிக்கொள்ளும், வெளியே தெரியாது. அதனாலேயே சூடு இறங்க வழியில்லாமல் விளைச்சலும் குறைகிறது, ஆயுளும் குறைகிறது. வளைந்த கூரையோ மிகக் கடுமையான எடை வரம்போ இருந்தால் ஒழிய நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மடக்கி எடுத்துப் போகும் பேனலுக்குத் தனி நியாயம் இருக்கிறது. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுப் பேனலை மட்டும் வெயிலில் வைக்கலாம். சூரியன் தாழ்ந்து செல்லும் குளிர்காலத்தில் அதை நிமிர்த்தி வைத்தால், கூரையில் படுத்திருக்கும் அதே அளவு பேனலைவிட மிக அதிகமாகத் தரும். ஆனால் விரிக்க ஆள் வேண்டும், காற்றுக்குக் கட்ட வேண்டும், திருட்டுக்குப் பயப்பட வேண்டும், ஓடும்போது அது ஒன்றும் தராது. கூரையில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வைத்துக்கொள்வது பலருக்கு ஒத்துவரும். அப்போது மடக்குப் பேனலோடு வரும் கன்ட்ரோலரின் வெளியீட்டை நேராக பேட்டரிக்கே கொண்டுபோக வேண்டும். அதைக் கூரைப் பேனலின் கன்ட்ரோலருக்குள் செருகக் கூடாது. இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே பேட்டரியில் அருகருகே வேலை செய்வதில் தவறில்லை.

மடக்குப் பேனல்களில் பல, கன்ட்ரோலரைப் பேனலின் முதுகிலேயே பொருத்தி, அங்கிருந்து ஐந்து மீட்டர் மெல்லிய வயரோடு வருகின்றன. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போகவும் வரவுமாகப் பத்து மீட்டர் என்றால் தடை ஏறத்தாழ 0.115 ஓம், 10 ஆம்பியர் ஓடும்போது 1.15 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட் பார்த்து வேலை முடிந்துவருகிறது என்று எண்ணும்போது பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.25. சார்ஜ் ஏறவில்லை என்று பேனலைக் குறை சொல்பவர்களில் பலரிடம் இந்த ஒரு பிழைதான் இருக்கிறது. கன்ட்ரோலரைக் கழற்றி பேட்டரிக்கு அருகில், ஒரு மீட்டருக்குள் வைத்து, நீண்ட ஓட்டத்தைப் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் விட்டால் போதும்.

பேட்டரி: ஈயமா, லித்தியமா?

காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஏஜிஎம் (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருப்பது), ஜெல் (அமிலம் கூழாக இருப்பது) எல்லாம் அதன் வடிவங்களே. ஆயுள் நீடிக்க வேண்டுமானால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். நம் கணக்கின்படி வெயிலில்லாத இரண்டு நாளைத் தாங்க, ஈயத்தில் ஏறத்தாழ 240 ஆம்பியர்-மணி வேண்டும், லித்தியத்தில் 150 போதும். எடையிலும் வித்தியாசம் பெரியது: 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் 30 கிலோவை நெருங்கும், லித்தியம் 12 கிலோ அளவில் முடிந்துவிடும். ஈய பேட்டரி கடைசி 20 சதவீதத்தை ஏற்க மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். குறுகிய குளிர்கால வெயிலில் அது முழுதாக நிரம்பவே நேரமிருக்காது. லித்தியமோ ஏறக்குறைய முழுவதும் வரை ஒரே வேகத்தில் ஏற்றுக்கொள்ளும்.

நாள்தோறும் பயன்படும் கேம்பருக்கு லித்தியமே என் தேர்வு. ஆனால் ஆண்டில் இரண்டு வாரம் மட்டும் வெளியே போய், மீதி நாளெல்லாம் பேனலோடு நிற்கும் வண்டிக்கு ஈயம்தான் பொருந்தும். ஈயம் எப்போதும் நிரம்பியிருக்க விரும்பும். லித்தியம் மாதக்கணக்கில் முழுதாக நிரம்பிக் கிடப்பதை விரும்பாது, பாதி அளவில் வைத்துத் துண்டித்துவிடுவதே அதற்கு நல்லது. உறைநிலைக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. ஏற்றினால் செல்லுக்குள் உலோக லித்தியம் படிந்து நிரந்தரக் கேடு விளையும். பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் மின்னணுப் பகுதியான பிஎம்எஸ் இதைத் தடுக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கன்ட்ரோலரில் சார்ஜ் ஏற்றும் மின்னழுத்தத்தின் அமைப்பையும் பேட்டரிக்கேற்ப மாற்ற வேண்டும். ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7 வோல்ட், ஜெல்லுக்கு 14.1 அல்லது 14.2, லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6. வெப்பத்துக்கேற்ப மின்னழுத்தத்தைத் திருத்தும் வசதி ஈயத்துக்கு அவசியம், லித்தியத்துக்கு அணைத்துவைக்க வேண்டியது. ஈய பேட்டரியில் நிலையைத் தோராயமாக வோல்ட்மீட்டரில் படிக்கலாம்: ஓய்வில் 12.7 என்றால் முழுது, 12.1 என்றால் பாதி. லித்தியம் 13.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நிற்பதால், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்று தேவைப்படும்.

ஓடும்போது ஏற்றுவது

வெயிலை மட்டும் நம்புவதா, எஞ்சினின் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துக்கொள்வதா என்றால், அடிக்கடி ஓடும் கேம்பருக்கு இரண்டும் வேண்டும். பழைய வண்டியும் ஈய பேட்டரியும் என்றால், மின்னழுத்தம் 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியையும் குடியிருக்கும் பகுதியின் பேட்டரியையும் சேர்க்கும் எளிய ரிலேயே போதும். எரிபொருள் மிச்சத்துக்காக மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் புதிய வகை ஆல்டர்னேட்டரோடு அந்த ரிலே ஒத்துப்போகாது. லித்தியமும் அந்த ரிலேயோடு சேரக் கூடாது. கிடைத்த மின்னோட்டத்தையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். இந்த இரு நிலைகளிலும் மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும் டிசி-டிசி சார்ஜரே சரியான வழி. அதையும் சூரிய கன்ட்ரோலரையும் ஒரே பெட்டியில் தரும் கருவிகள் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனாலும் நான் தனித்தனியாக வைத்துக்கொள்வதையே விரும்புகிறேன். நெடுந்தொலைவில் ஒன்று பழுதானால் மற்றொன்றாவது கைகொடுக்கும்.

எந்தத் தேர்வானாலும் ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். கன்ட்ரோலரைக் காக்க மட்டும் அல்ல. உரசித் தோல் கிழிந்த வயர் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அது முதலில் தேவை. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலின் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலர் தவறான அளவைப் பிடித்துக்கொள்ளலாம், சில கெட்டும் போகலாம். எல்லாம் பொருத்தி முடித்த பிறகு, நல்ல வெயிலில் சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை முதலில் கன்ட்ரோலரின் முனைகளிலும், அடுத்து பேட்டரியின் முனைகளிலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வயரையோ முனை இறுக்கத்தையோ அன்றைக்கே திருத்திவிடுங்கள்.